வீட்டு ஸ்டீரியோவில் டிஜே போடலாமா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஆம்ப், ஸ்பீக்கர் பழுது பார்ப்பது என் தொழில், மதுரையில் சின்னப் பட்டறை. டிஜே கண்ட்ரோலர் (லேப்டாப்பில் ஓடும் பாட்டுகளைக் கலக்குகிற கருவி) வாங்கிய பிள்ளைகள் அதை வீட்டுச் செட்டில் மாட்டிவிட்டு, காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்த ஸ்பீக்கரோடு வருவது அதிகமாகிவிட்டது, அதனால்தான் இன்று மதியம் முழுக்க இதற்காக உட்கார்ந்திருக்கிறேன். ஆம்ப், பாக்ஸ், வயர் பற்றிக் கேளுங்கள். பாட்டை எப்படி மிக்ஸ் செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கல்லூரி மாணவர், கோவை: அண்ணா, பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வாங்கியிருக்கிறேன். அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்பும் இரண்டு பாக்ஸும் இருக்கின்றன. ஆம்ப்புக்குப் பின்னால் ஃபோனோ, சிடி, டேப், டியூனர் என்று எழுதியிருக்கிறது. எதில் மாட்டுவது?

தாராளமாக மாட்டலாம் தம்பி. கண்ட்ரோலரின் மாஸ்டர் அவுட்டில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின் இருக்கும், அங்கிருந்து ஆம்ப்பின் சிடி, டியூனர், ஆக்ஸ் எதில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், மூன்றும் ஒரே லெவல்தான். டேப்பில் கொடுத்தால் ‘ப்ளே’ பக்கம் கொடுங்கள், ‘ரெக்’ என்பது வெளியே போகிற வழி. ஃபோனோவில் மட்டும் கொடுக்கவே கூடாது. அது இசைத்தட்டின் ஊசிக்காகச் செய்தது. ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கி, பேஸைத் தூக்கி, ட்ரெபிளை இறக்கி அனுப்புகிற சர்க்யூட் அங்கே இருக்கிறது. கண்ட்ரோலரிலிருந்து வருவதோ ஒரு வோல்ட் கணக்கில். கரகரவென்று கிழியும், பாக்ஸுக்கும் ஆபத்து.

வால்யூம் விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். முதலில் ஆம்ப்பைக் குறைத்து வைத்துவிட்டு, பாட்டிலேயே சத்தமான இடத்தை ஓடவிட்டு, கண்ட்ரோலரின் மீட்டர் பச்சையில் நிற்கும்படி கெயினை வையுங்கள். மஞ்சள் எப்போதாவது தொட்டால் பரவாயில்லை, சிவப்பு எரியக் கூடாது. அதற்கப்புறம் வேண்டிய சத்தத்தை ஆம்ப்பில் ஏற்றுங்கள். ‘குமிழ் பாதிதானே திரும்பியிருக்கிறது, இன்னும் பாதிச் சக்தி பாக்கி இருக்கிறது’ என்று நினைக்காதீர்கள். உள்ளே வருகிற சிக்னல் பலமாக இருந்தால் குமிழ் பாதி தூரம் வருவதற்குள்ளேயே ஆம்ப் தன் முழுச் சக்திக்கு வந்துவிடும், அதற்கு மேல் திருப்பினால் கிடைப்பது சிதைவு மட்டும்தான்.

ஆன் செய்யும்போது ஆம்ப் கடைசி, ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதல். மாற்றிச் செய்தால் ‘டப்’ என்று ஒரு அடி விழும், அதை ஸ்பீக்கர்தான் வாங்கும்.

சேலம்: வீட்டில் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. வயர் இல்லாமல் செய்யலாமா?

வேண்டாம். புளூடூத்தில் சத்தம் சாதாரணமாக 150, 200 மில்லி செகண்டு தாமதமாக வரும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டில் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 500 மில்லி செகண்டுதான். கையும் காதும் ஒன்றாகப் போகாது. அந்த ஸ்பீக்கரில் ஆக்ஸ் ஓட்டை இருந்தால் வயரில் கொடுங்கள்.

திருச்சி: 5.1 ஹோம் தியேட்டர் ரிசீவர். கண்ட்ரோலரை மாட்டினால் எல்லாம் கேட்கிறது, ஆனால் கொஞ்சம் பின்தங்குகிற மாதிரி இருக்கிறது.

சரவுண்டை எடுத்துவிட்டு ‘டைரக்ட்’ அல்லது ‘ஸ்டீரியோ’வில் போடுங்கள். சரவுண்டு கணக்குப் போட ரிசீவர் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அந்தப் பின்தங்கல்.

விருதுநகர்: அண்ணே, என்னிடம் இருப்பது அசெம்பிள் செட். முன்னால் 10,000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர். நண்பனின் பிராண்டு செட்டில் 2 × 50 வாட்ஸ் என்றுதான் இருக்கிறது. என்னுடையது டிஜேவுக்குத் தாங்கும்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஸ்டிக்கரை மறந்துவிட்டு மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள், பெரிய கெபாசிட்டர்களைத் தொடாதீர்கள்). 12-0-12, 5 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 24 × 5, மொத்தம் 120 விஏ (வோல்ட் × ஆம்பியர்). செட்டுக்குள் வருகிற சக்தியே அவ்வளவுதான், அதிலும் ஒரு பகுதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போய்விடும். எல்லாச் சேனலும் சேர்த்து 70, 80 வாட்ஸ் தொடர்ந்து வந்தால் பெரிய விஷயம். டிடிஏ2030 ஐசி போட்ட செட் என்றால் ஒரு ஐசி 4 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 14 வாட்ஸ். பத்தாயிரம் எங்கிருந்து வரும்? பிஎம்பிஓ என்பதற்கு அளக்கிற முறை என்று ஒன்று கிடையாது, விற்கிறவர் எழுதியதுதான் எண். பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது செட் தொடர்ந்து கொடுக்கிற வாட்ஸ்.

அசெம்பிள் செட்டை நான் குறைத்துப் பேசவில்லை. நல்ல டிரான்ஸ்ஃபார்மர், ஒரிஜினல் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி, அகலமான ஹீட் சிங்க், ஒரு ஃபேன் வைத்துக் கையால் கட்டிய செட் பத்து வருஷம் அசையாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அதைக் கட்டியவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. கெடுப்பது டூப்ளிகேட் டிரான்சிஸ்டர். மற்றபடி நண்பனின் செட்டில் 50 வாட்ஸ் ஆர்எம்எஸ் என்றே போட்டிருந்தால் அதுதான் உங்களுடையதைவிடத் தாங்கும். எந்தச் செட்டானாலும் டிவி ஷோகேஸுக்குள் அடைத்து வைத்து நாலு மணி நேரம் ஓட்டாதீர்கள். வெளியே எடுத்து வையுங்கள், மூச்சு விடட்டும்.

சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர், தேனி: நீங்கள் சிவப்பு சிவப்பு என்கிறீர்கள். ட்வீட்டரை (ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிப்பது சின்ன ஆம்ப்தான். 50 வாட்ஸ் பாக்ஸுக்கு 100 வாட்ஸ் ஆம்ப் கொடுத்தால் எந்தப் பிரச்சினையும் வராது. 15 வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

உங்கள் 15 வருஷ அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் காரணத்தைப் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். எரிப்பது சூடு. காயிலில் சராசரியாக எவ்வளவு சக்தி எவ்வளவு நேரம் போகிறது என்பதுதான் கணக்கு. சின்ன ஆம்ப்பை முறுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்படும். 50 வாட்ஸ் ஆம்ப்பில் அலை முழுக்கச் சதுரமாகிவிட்டால் அதுவே 100 வாட்ஸ் வரை தள்ளும். மேலும், பேஸ் உச்சியில் முட்டி நின்ற பிறகும் குமிழைத் திருப்பத் திருப்ப ட்ரெபிள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பாக்ஸ் 50 வாட்ஸ் என்றாலும் உள்ளே இருக்கும் ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சில வாட்ஸ்தான். முதலில் போவது அது. இதுவரை நீங்கள் சொன்னது சரி.

தேனிக்காரர் மறுபடியும்: அப்படியானால் பெரிய ஆம்ப் போட்டால் உச்சி வெட்டுப்படாது. அதைத்தானே நானும் சொன்னேன்?

வெட்டு கண்ட்ரோலரிலேயே விழுந்துவிட்டால்? சிவப்பு எரிகிறது என்றால் சிக்னல் ஆம்ப்புக்கு வருவதற்கு முன்பே உச்சி போய்விட்டது. உங்கள் 100 வாட்ஸ் ஆம்ப் அந்த வெட்டுப்பட்ட அலையை அப்படியே இன்னும் பெரிதாக்கிப் பாக்ஸுக்குக் கொடுக்கும். சில மென்பொருளில் லிமிட்டர் இருக்கிறது, அது உச்சியை அமுக்கும், சராசரி ஏறுவதைத் தடுக்காது. நீங்கள் காது வைத்துக் கேட்டு, பார்த்து ஓட்டுகிறவர், பெரிய ஆம்ப் உங்கள் கையில் பத்திரமாக இருக்கும். வீட்டில் பிறந்தநாளுக்கு நாலு பேர் மாறி மாறிக் குமிழைத் திருப்புகிற இடத்தில் அதே ஆம்ப் வூஃபரையும் (பேஸ் ஸ்பீக்கர்) சேர்த்துக் கொண்டுபோகும்.

எலக்ட்ரானிக்ஸ் மாணவர், திருநெல்வேலி: சார், நடுவில் வருகிறேன். சதுர அலை என்றால் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்), அதனால்தான் காயில் எரிகிறது என்று படித்தேனே?

இல்லை தம்பி. மேலும் கீழும் ஒரே மாதிரி வெட்டுப்பட்ட அலையில் டிசி கிடையாது. டிசி வருவது ஆம்ப்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆவது போன்ற பழுதில்தான், அது வேறு நோய்.

தேனிக்காரர்: சரி, கண்ட்ரோலர் சிவப்பு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஆம்ப் பெரியதாகத்தான் இருக்க வேண்டும்.

கையாள்கிறவரைப் பொறுத்து இருக்கட்டும். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: புளூடூத்தில் கொடுத்தால் லேட் ஆகிறது, என்ன செய்ய?

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

புதுச்சேரி: லேப்டாப் சார்ஜர் மாட்டினால் ‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறது. பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் போகும் என்கிறார்கள்.

வெட்டவே வெட்டாதீர்கள்! அந்த எர்த் உங்கள் உயிருக்காக இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் காரணம் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவது. லேப்டாப், ஆம்ப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் ஆர்சிஏ வயருக்கு நடுவில் போடுகிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடையில் கிடைக்கும், அதற்குள் இருப்பது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்.

நாமக்கல்: ஒரு சேனலில் நாலு 8 ஓம் பாக்ஸ் மாட்டலாமா?

எல்லாம் பேரலலில் போனால் 2 ஓம். வீட்டு ஆம்ப் தாங்காது. பின்னால் குறைந்தபட்ச ஓம் என்ன என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே போகாதீர்கள்.

மதுரை: மொட்டை மாடியில் தங்கையின் பிறந்தநாள், நூறு பேர் வருவார்கள். வீட்டு 50 வாட்ஸ் செட் போதுமா?

போதாது, கணக்கைப் பாருங்கள். வீட்டுப் பாக்ஸ் ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் கொடுக்கும். 50 வாட்ஸ் முழுக்கத் தள்ளினால் 104. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும், 8 மீட்டரில் 86. அதுவும் உச்சி அளவு. உச்சிக்கு இடம் விட்டு ஓட்டினால் சராசரி 76 பக்கம்தான். நூறு பேர் பேசுகிற சத்தத்தில் அது காணாமல் போகும், யாராவது குமிழைத் திருப்புவார்கள், ராத்திரிக்குள் ட்வீட்டர் போய்விடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். அன்று ஒரு நாளைக்குப் பிஏ பாக்ஸ் (கூட்டத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வாடகைக்கு எடுங்கள், அது ஒரு வாட்ஸுக்கே 96, 98 டெசிபல் கொடுக்கும். இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது.

பெயர் வேண்டாம்: பதினைந்தாயிரத்துக்குள் எந்த பிராண்டு நல்லது?

பிராண்டு சொல்வதில்லை.

ஓசூர்: பீட் மேட்ச் செய்யக் கற்றுக்கொள்வது எப்படி?

முதலிலேயே சொல்லிவிட்டேன். வாசிக்கிறவர்களைக் கேளுங்கள்.

சென்னை: புளூடூத் டிரான்ஸ்மிட்டர் வாங்கிக் கண்ட்ரோலரில் மாட்டினால்?

அதுவும் புளூடூத்தான். வயர், வயர், வயர்.

காரைக்குடி: நேற்றைய பார்ட்டிக்கு அப்புறம் ஒரு பாக்ஸில் சத்தம் மந்தமாக இருக்கிறது. ட்வீட்டர் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆம்ப்பை ஆஃப் செய்து பாக்ஸைத் திறந்து, ட்வீட்டரின் இரண்டு வயரில் ஒன்றைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை நேராக அதன் முனைகளில் வையுங்கள். பாக்ஸின் பின்பக்கம் வைத்துப் பார்த்தால் தெரியாது, நடுவில் கெபாசிட்டர் இருக்கிறது. 8 ஓம் ட்வீட்டர் என்றால் மீட்டர் 6 பக்கம் காட்டும். எதுவும் காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. வூஃபரையும் விடாதீர்கள், கோனை இரண்டு கையாலும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள், உரசுகிற சத்தம் கேட்டால் அதுவும் சூடு வாங்கியிருக்கிறது. புது ட்வீட்டர் போடுவதற்கு முன்னால் நேற்று கண்ட்ரோலரில் யார் நின்றார், மீட்டர் என்ன நிறத்தில் எரிந்தது என்று கேட்டுவிட்டு வாங்கப் போங்கள்.