பூட்டனின் மலாயாக் கடிதங்களை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: என் பூட்டன் மலாயாவில் சர்வே வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த பூட்டிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப்பெட்டியில் கிடைத்தன. மடிப்புகளில் கிழிகின்றன. சிலவற்றில் ‘பிங்கள வருஷம், மாசி’ என்று மட்டுமே இருக்கிறது. லேமினேட் செய்யலாமா? அது எந்த ஆண்டு?

பதில்: லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரித்தால் தாளும் சேர்ந்துதான் வரும். செலோடேப்பும் ஆகாது, அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும். மை பழுப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சுகிற வகை இரும்பு மையாக இருக்கும். எழுதிய புதிதில் கறுப்பு, நாளாக நாளாகப் பழுப்பு, தாளையும் மெல்ல அரிக்கும். அதனால் தண்ணீர் தெளிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் கூடாது. கையால் மெதுவாக விரித்து, அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே வைத்து, அட்டைப்பெட்டியில் படுக்கையாக அடுக்குங்கள். பரண் வேண்டாம், அங்கே சூடு அதிகம்.

இதைவிட முக்கியம், கடிதத்தை அதன் உறையிலிருந்து பிரிக்காதீர்கள். தபால்தலை சேகரிப்பவர் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் தபால்தலையைக் கிழித்துக் கொடுக்காதீர்கள். சர்வேயர் ஒரே ஊரில் மேசை போட்டு உட்கார்ந்தவர் இல்லை. காட்டுக்குள் லைன் வெட்டி, அளவுச் சங்கிலி பிடித்து, கல் நட்டு, வேலை நகர நகரக் கூடாரத்தையும் மாற்றியவர், அதனால் கடிதத்தின் தலைப்பில் வெறும் ‘கேம்ப்’ என்று இருந்தாலும், தபாலில் சேர்த்த ஊரும் தேதியும் உறைமேல் விழுந்த தபால் முத்திரையில் இருக்கும். பின்பக்கத்தையும் பாருங்கள், இலங்கையில் வந்து சேர்ந்த தேதி அங்கே இருக்கக்கூடும்.

சரி, ஆண்டுக்கு வருவோம். பிங்கள 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1857, 1917, 1977. உறையில் பாயும் புலியும் ‘Federated Malay States’ என்ற பெயரும் போட்ட தபால்தலை இருந்தால் அது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1896இல் கூட்டாட்சியான பிறகு வந்தது, ஆகவே 1917தான். ஆனால் உங்கள் கடிதம் மாசி மாதத்தது! சித்திரையில் தொடங்கிய பிங்கள, மாசிக்குள் அடுத்த ஆங்கில ஆண்டுக்குப் போய்விடும், எனவே அது 1918 பிப்ரவரி - மார்ச். இங்கேதான் பலர் ஒரு வருஷம் பிசகுகிறார்கள்.

அவர் பிந்திய காலம்வரை அங்கே இருந்திருந்தால், கடிதங்களில் ஒரு பெரிய இடைவெளி தெரியலாம். 1941 டிசம்பரில் ஜப்பான் படை கோத்தபாருவில் இறங்கியது, 1945 வரை ஆக்கிரமிப்பு. நடுவில் கடிதம் இல்லையென்றால் தொலைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், உறையின் இரு பக்கத்தையும் முதலில் படம் எடுங்கள், அப்புறம் கடிதத்தை. ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனத்திடமும் பேசிப் பாருங்கள். பூட்டி எழுதிய பதில்கள் தப்பியிருந்தால் மலேசியாவிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரர் வீட்டில்தான் இருக்கும், அங்கே வயதானவர்கள் இருக்கும்போதே விசாரித்துவிடுங்கள்.