வாசகர் கேள்வி – பதில்: சிற்றலை வானொலி

கேள்வி: என் மாமனார் வைத்திருந்த மூன்று பேண்ட் டிரான்சிஸ்டரைப் பரணிலிருந்து இறக்கிப் புது பேட்டரி போட்டேன். பண்பலை நன்றாக எடுக்கிறது. சிற்றலைக்குத் திருப்பினால் முள்ளை எங்கே நகர்த்தினாலும் ஒரே 'கர்ர்' சத்தம்தான். சிற்றலை ஒலிபரப்பே நின்றுவிட்டதா, அல்லது பெட்டிதான் பழுதாகிவிட்டதா?
– ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை, உங்கள் வீட்டுக்குள்தான் கோளாறு இருக்கிறது. அடுத்த முறை மின்வெட்டு வரும்போது, வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, அதே பெட்டியை அதே இடத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். 'கர்ர்' அடங்கிவிட்டால் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று பொருள்.

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் குண்டு பல்பு, குழல் விளக்கு, மின்விசிறி ஆகியவற்றைத் தவிர மின்சாதனம் அதிகம் இல்லை. இன்று எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி சார்ஜர், செட்டாப் பெட்டியின் அடாப்டர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சேர்க்கும் சிறு சுற்று இருக்கிறது. அந்த வெட்டில் பிறக்கும் இரைச்சல் சிற்றலை முழுவதும் பரவுகிறது. பண்பலை இயங்கும் முறை வேறு என்பதால் அதை இது அவ்வளவாகத் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் குற்றவாளி, கைப்பேசியே செருகப்படாமல் கூடத்துச் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு சார்ஜர். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தபோது அதன் அருகில் இரைச்சல் ஏறியது. சுவிட்சை அணைத்த கணத்தில், அதுவரை அடியில் புதைந்திருந்த ஒரு சீனப் பெண்குரல் மேலே வந்தது. நீங்களும் அப்படியே நடந்து தேடுங்கள்.

இரைச்சலை ஒழித்த பிறகு ஏரியலைக் கவனிக்கலாம். மேலுறை உள்ள சாதாரணச் செம்புக் கம்பி ஏழிலிருந்து பத்து மீட்டர் வாங்கி, மொட்டை மாடியில் மின்கம்பிகளுக்கு எட்டாத தொலைவில் இழுத்துக் கட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து பெட்டியின் நீட்டுக் கம்பியில் கிளிப்பால் மாட்டினால் போதும். கம்பி நீளமாக நீளமாக நல்லது என்று நினைக்க வேண்டாம். சிறிய பெட்டிகள் அதிக வலுவைத் தாங்காமல் இல்லாத இடங்களிலெல்லாம் நிலையங்களைக் காட்டத் தொடங்கும். இடிமேகம் திரண்டால் முதல் வேலையாகக் கம்பியைக் கழற்றி வெளியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மூன்று பேண்ட் பெட்டிகளில் சிற்றலை முழுவதையும் ஒரு சாண் அளவுகூட இல்லாத அளவுகோலில் நெருக்கி அடைத்திருப்பார்கள். நிலையங்களோ ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசையாக நிற்பவை. முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலே பல நிலையங்களைத் தாண்டிவிடும். எனவே இரவு எட்டு மணிக்கு மேல் 31 மீட்டர் அல்லது 41 மீட்டர் என்று அலைநீளம் குறித்திருக்கும் இடத்தில், திருகைத் திருப்புகிறோமா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகத் திருப்புங்கள்.

கேள்வி: இரவில் 49 மீட்டரில் தெளிவாகக் கேட்கும் வெளிநாட்டு நிலையங்கள் பகலில் அடியோடு மறைந்துவிடுகின்றன. பகலில் சக்தியைக் குறைத்து ஒலிபரப்புகிறார்களா?
– ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: அவர்கள் எதையும் குறைப்பதில்லை, சூரியன்தான் வழியை மறிக்கிறது. சிற்றலை நம்மிடம் நேர்க்கோட்டில் வருவதில்லை. வானில் ஏறத்தாழ 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. அலை அதில் வளைந்து பூமிக்குத் திரும்பி, மறுபடி எழும்பி, இப்படித் தாவித் தாவித்தான் கடல் கடக்கிறது. பகலில் மட்டும் இதற்குக் கீழே, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், இன்னோர் அடுக்கு உருவாகிறது. அது அலையைத் திருப்பிவிடாமல் விழுங்கிவிடும். அதிலும் 49 மீட்டர், 41 மீட்டர் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகளையே அதிகம் விழுங்கும். சூரியன் மறைந்ததும் இந்தக் கீழடுக்கு விரைவில் கலைந்துவிட, தடை நீங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் பெட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தால் இந்த மாற்றத்தைக் காதாலேயே கேட்கலாம்.

ஆகவே பகலில் 19, 16 மீட்டர்களையும், மாலையில் 25, 31 மீட்டர்களையும், இரவில் 41, 49 மீட்டர்களையும் தேடுவது முறை. அதிர்வெண் மட்டும் தெரிந்தால், 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்து மீட்டரைக் கண்டுகொள்ளலாம், 9.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் 31 மீட்டர் சொச்சம். இவற்றுக்கெல்லாம் மேலாகச் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி வேறு இருக்கிறது. சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் 13 மீட்டர், 16 மீட்டர் போன்ற உயர் அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்லும். குறைந்த ஆண்டுகளில் அதே இடங்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

கேள்வி: தமிழோசை நின்ற பிறகு சிற்றலையில் தமிழுக்கு இடம் உண்டா? அதிர்வெண்களுடன் பட்டியல் தர இயலுமா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலிச் சேவையான தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று நிறைவடைந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து ஒலித்த கத்தோலிக்க நிலையமான வெரித்தாஸ் வானொலியும் 2018இல் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இழப்பு பெரியதுதான். எனினும், பெய்ஜிங்கிலிருந்து 1963 முதல் தமிழ் ஒலித்து வருகிறது. வத்திக்கான் வானொலியும் தமிழில் ஒலிபரப்பி வந்துள்ளது. ஆங்கிலம் புரியுமானால் ருமேனியா, தென்கொரியா, ஜப்பான், நியூசிலாந்து நாட்டு நிலையங்களையும் தேடிப் பார்க்கலாம்.

அதிர்வெண் பட்டியலை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். சிற்றலை நிலையங்கள் மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் அட்டவணையை மாற்றுகின்றன. இதழில் அச்சாகும் பட்டியல் சில வாரங்களில் பழசாகிவிடும்; அதை நம்பி வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். அந்தந்தப் பருவத்துக்கு நிலையங்களே வெளியிடும் அட்டவணையைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: மூன்று நிலையங்களுக்கு 'உங்கள் நிகழ்ச்சிகள் மிக அருமை' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். எவரும் க்யூ.எஸ்.எல். அட்டை அனுப்பவில்லை. ஏன்?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: அந்த வாழ்த்தை நிகழ்ச்சியைக் கேட்காமலேயே எழுதிவிடலாம் அல்லவா? க்யூ.எஸ்.எல். அட்டை என்பது, இன்ன நாளில் எங்கள் ஒலிபரப்பை நீங்கள் கேட்டது உண்மை என்று நிலையம் தரும் உறுதிச்சீட்டு. அதற்குச் சான்று நீங்கள்தான் தரவேண்டும்: தேதி, நேரம், அதிர்வெண், மொழி, உங்கள் ஊர், பெட்டி, ஏரியல், குறைந்தது பதினைந்து நிமிட நிகழ்ச்சி விவரம். 'செய்தி கேட்டேன்' என்பது விவரம் ஆகாது. '14.40: பெண் அறிவிப்பாளர், தேர்தல் பற்றிய செய்தி; 14.46: புல்லாங்குழல் இசை, 14.49: நிலையத்தின் பெயர் அறிவிப்பு' என்று எழுதினால், அவர்கள் தங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

நேரத்தை இந்திய நேரத்தில் எழுதாமல் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். இரவு 8.10 என்பது 14.40. பலர் சறுக்குவது தேதியில்தான். திங்கட்கிழமை அதிகாலை 2 மணிக்கு நீங்கள் கேட்டது, பொது நேரப்படி ஞாயிறு 20.30.

ஒலித்தரத்தைச் சின்போ என்ற ஐந்து எண்களால் குறிப்பார்கள். அலையின் வலு, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், ஒலி எழும்பி அடங்கும் தன்மை, மொத்தத் தரம் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஐந்து சிறந்தது. மனம் குளிரட்டுமே என்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் அந்த அறிக்கையால் நிலையத்தின் பொறியாளருக்கு ஒரு பயனும் இல்லை.

அறிவிப்பைக் கேட்கும்வரை நிலையத்தின் பெயரை முடிவு செய்யாதீர்கள். என் தொடக்க காலத்தில், அட்டவணையில் இருந்ததை நம்பி, மொழி புரியாத ஓர் ஒலிபரப்புக்கு இரண்டு பக்க அறிக்கை அனுப்பினேன். 'தங்கள் அன்புக்கு நன்றி. அன்று எங்கள் ஒலிபரப்பி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது' என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: சிற்றலை கேட்க உரிமம் வேண்டுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஒலிபரப்பு நிலையங்களைக் கேட்க வேண்டியதில்லை. அஞ்சலகத்தில் பணம் கட்டி வானொலி உரிமம் புதுப்பித்த வழக்கம் 1980களிலேயே முடிந்துபோனது. நீங்களே அலை அனுப்பிப் பேச விரும்பினால் அது ஹாம் வானொலி. அதற்குத் தேர்வும் உரிமமும் கட்டாயம்.

கேள்வி: அடுக்குமாடியில் குடியிருக்கிறேன், கம்பி கட்டச் சங்கம் அனுமதிக்கவில்லை. இணையத்தின் வழியாக வேறு நாட்டிலுள்ள பெட்டியைத் திருப்பிக் கேட்பது சிற்றலை கேட்பதாகுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: தாராளமாகக் கேளுங்கள். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள பெட்டியை உலகெங்கும் இருந்து ஒரே நேரத்தில் பலர், ஆளுக்கொரு அலைவரிசையில் கேட்கிறார்கள். காதைப் பழக்கவும், எந்த நேரத்தில் எந்த மீட்டர் உயிரோடு இருக்கிறது என்று அறியவும் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால், அப்படிக் கேட்டதற்கு அறிக்கை எழுதினால், பெட்டி நெதர்லாந்தில் இருந்தது என்பதை முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். சென்னையில் கேட்டதாக எழுதுவது பொய்க்கணக்கு. கம்பியையும் அதற்குள் கைவிட வேண்டாம். மெல்லிய செம்புக் கம்பியை பால்கனிக் கொடிக்கயிற்றோடு சேர்த்து ஓட்டினால், துணி காய்கிறது என்றுதான் சங்கத்தார் நினைப்பார்கள்.