பழைய கடைவீடு வேலைக்கு எப்படி விலை சொல்வது?

கேள்வி: ஐயா, பினாங்கு ஜெலுத்தோங்கில் நான்கு ஆட்களை வைத்து வீடு புதுப்பிக்கும் குத்தகை வேலை செய்கிறேன். பொருள், கூலி இரண்டையும் கூட்டி, அதன்மேல் 20 சதவீதம் வைத்து மொத்த விலை சொல்வது என் பழக்கம். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டுக்கு 48,000 வெள்ளி (ரிங்கிட்) சொன்னேன். இரண்டு மாதம் உழைத்தும் நட்டம். ‘வேலை முடிந்ததும் ஆன செலவு, அதன்மேல் இத்தனை சதவீதம்’ என்று பேசச் சொல்கிறார் நண்பர். மாறிவிடலாமா? எதிர்பாராமல் மாற்றிய உத்திரங்களுக்கு ஆன 5,500 வெள்ளியை இப்போது கேட்கலாமா?

பதில்: முழுக்க மாற வேண்டாம். முதலில் நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்ப்போம். பொருள் 26,000, கூலி 14,000. மேலே வைத்த 8,000ஐ லாபம் என்று நினைத்துவிட்டீர்கள். லாரி தவணை, எண்ணெய், ஸ்டோர் வாடகை, ஆட்களுக்குக் கட்டும் ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) எல்லாம் சேர்ந்து மாதம் 3,000 ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு 6,000. மிச்சம் 2,000தான். அப்புறம் சீலிங்கைப் பிரித்ததும் கறையான் அரித்த நான்கு உத்திரங்கள் வந்து நின்றன. அவற்றை மாற்ற 5,500. ஆக 3,500 நட்டம். இதில் உங்கள் சம்பளம் ஒரு சென்கூட இல்லை. எனக்கு வருத்தம் அதில்தான். மாதம் 4,000 என்று உங்களுக்கும் எழுதியிருந்தால், உத்திரம் கெடாமல் இருந்தாலும் 54,000தான் அடக்க விலை. லாபம் அதற்குமேல்.

நண்பர் சொல்லும் முறையில் நட்டம் வராது, உண்மைதான். ஆனால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. ஆட்கள் தேநீர் குடிக்க உட்கார்ந்தால்கூட ‘என் காசில் பொழுதை ஓட்டுகிறார்கள்’ என்று தோன்றும். தெரிந்தவர் வேலையென்றால் உறவே கெட்டுப்போகும்.

அதனால் ஒரே கொட்டேஷனை இரண்டாகப் பிரியுங்கள். டைல்ஸ், பெயிண்ட், கழிவறை, வயரிங் போல கண்ணுக்குத் தெரிந்து அளக்கக்கூடியதற்கு மொத்த விலை. திறந்தால்தான் தெரியும் என்பதற்கு அளவு விலை: உத்திரம் ஒன்றுக்கு இவ்வளவு, சுண்ணாம்புப் பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு. எத்தனை வரும் என்று ஊகிக்காதீர்கள். பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், மறுபடி சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்பதையும் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த விலையைப் பார்த்து அவர் திகைக்க மாட்டார்.

கெட்ட உத்திரம் கண்ணில் பட்டால், ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை அதில் இறங்குவதைப் படமெடுத்து, விலையோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ‘சரி’ என்று பதில் வந்த பிறகே மரம் வாங்கப் போங்கள்.

விலைக்குக் கெடுவும் போடுங்கள். எனக்கு 30 நாள் போதும் என்று தோன்றுகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியது. பழைய விலைக்கு வாக்குக் கொடுத்திருந்தவர்கள் அந்தச் செலவைத் தாங்களே சுமந்தார்கள்.

அந்த 5,500 வெள்ளி? படம் இருந்தால் நேரில் போய்க் காட்டிக் கேளுங்கள், ஆனால் மரத்தின் விலையை மட்டும். கூலியை விட்டுவிடுங்கள். சொல்லாமல் செய்த வேலை அது; அவர் முடியாது என்றாலும் கோபப்பட நமக்கு இடமில்லை.