சமநிலையைக் கேட்கும் முறை

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பாடசாலைச் சதுரங்கப் போட்டியொன்றில் அவருடைய மகள் கறுப்புக் காய்களுடன் சிசிலியன் நஜ்டோர்ஃப் என்ற தொடக்கமுறையை ஆடி, பி2 கட்டத்து 'நச்சுச் சிப்பாயை' (வெட்டினால் ஆபத்து என்பதால் அந்தப் பெயர்) ராணியால் வெட்டியிருக்கிறாள். ஆட்டம் 14ஆம் நகர்விலேயே சமநிலையாயிற்று. அவள் சமநிலை கேட்டபோது முதலில் மறுத்த நடுவர், அடுத்த நகர்விலேயே ஒப்புக்கொண்டது ஏன் என்பது கேள்வி. "பிள்ளை பயந்துவிட்டாள், புதிய தொடக்கமுறை வாங்குங்கள்" என்று பயிற்றுநர் ஒருவர் சொன்னதும் அவரை உறுத்துகிறது.

ஐயா, நடுவர் செய்தது சரி. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால், ஆடும் முறை யாருடையதோ அவர் சமநிலை கேட்கலாம். நீங்கள் அனுப்பிய நகர்வுத்தாளின்படி, வெள்ளைக் கோட்டை பி3க்கு ஏறி ராணியைத் துரத்த, ராணி ஏ1இல் இறங்கிச் செக் வைக்க, கோட்டை பி1க்குத் திரும்ப, ராணி மறுபடி ஏ3க்கு வந்திருக்கிறது. 13ஆம் நகர்வில் அந்த நிலை மூன்றாம் முறை வந்தது. ஆனால் பிள்ளை ராணியை வைத்து மணிக்கூட்டையும் அழுத்திய பின்னரே வாய் திறந்தாள். காயைத் தொடாமல், அந்த நகர்வைத் தாளில் எழுதி, நடுவரை அழைத்திருக்க வேண்டும். எதிராளி கோட்டையை மீண்டும் பி3இல் வைத்ததும் அந்த நிலையும் மூன்றாம் முறையாகிவிட்டது. இம்முறை கைவைக்காமல் கேட்டதால் கிடைத்தது.

பலகை ஒன்றுபோலத் தெரிந்தால் மட்டும் போதாது. இடையில் வெள்ளையர் (வெள்ளைக் காய்களுடன் ஆடியவர்) எச்1 கோட்டையை ஜி1க்கு நகர்த்தித் திருப்பிக் கொண்டுவந்திருந்தால், காய்கள் பழைய கட்டங்களிலேயே நின்றாலும், அந்தப் பக்கம் கோட்டை கட்டும் உரிமை (ராஜாவையும் கோட்டையையும் ஒரே நகர்வில் நகர்த்தும் உரிமை) போயிருக்கும். முன்பு வந்த நிலைகள் கணக்கில் சேரா, எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். பெரியவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். நாற்பது பலகைக்கு ஒரு நடுவரை நிறுத்துகிறவர்கள், இந்த விதியைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு மண்டபச் சுவரில் ஒட்டுவதற்கும் மனம் வைப்பதில்லை. குட்டு மட்டும் பிள்ளைக்கு.

பயம் என்ற பேச்சுக்கு வருகிறேன். சிப்பாயைக் கொடுத்துத் தாக்க வந்தவர் வெள்ளையர். தாக்காமல் சுற்றியவரும் அவரே. 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் ஃபிஷர் இதே சிப்பாயை 7ஆம் ஆட்டத்தில் வெட்டிச் சமநிலை கண்டார், 11ஆம் ஆட்டத்தில் வெட்டித் தோற்றார். தொடக்கமுறைக் கோப்புகளையும் "மூன்று மாதத்தில் ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) தரப்புள்ளி"யையும் விற்கிற ஆட்கள் வன்னியில் பெருகிவிட்டார்கள். தரப்புள்ளி, தரப்படுத்தப்பட்ட போட்டிகளில் ஆடித்தான் வரும்; அதை எவரும் விற்க முடியாது. வெள்ளையர் 10ஆம் நகர்வில் சிப்பாயை எஃப்5 அல்லது இ5க்குத் தள்ளினால் பிள்ளை என்ன ஆடவேண்டும் என்று அந்தப் பயிற்றுநரைப் பலகையில் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை காசு கொடுக்காதீர்கள்.