3/25 என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: ஒரு பெண் உருவத்தின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வாங்கலாமென்று இருக்கிறேன். லிமிடெட் எடிஷன் என்கிறார்கள், கீழே பென்சிலில் 3/25 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. நெகட்டிவோ ஃபைலோ கையில் இருந்தால் எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாமே, இந்த 25-ஐ எதை வைத்து நம்புவது? மூன்றாவது என்பதால் மதிப்பு கூடுமா?
- வாசகி, கோயம்புத்தூர்

3 என்பது உங்கள் பிரதியின் எண், 25 என்பது புகைப்படக்காரர் கொடுக்கும் வாக்கு. இந்தப் படத்தை இதற்கு மேல் போட மாட்டேன் என்கிறார். செப்புத் தகட்டில் கீறி அச்சிடும் எச்சிங்கில் போடப் போடத் தகடு தேயும் என்பதால் முதலில் எடுத்த பிரதிகளுக்குத் தனி மரியாதை உண்டு. நெகட்டிவ் அப்படித் தேயாது, ஃபைலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே 3-க்கும் 20-க்கும் படத்தில் வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால் பல கேலரிகள் விற்க விற்க விலையை ஏற்றிக்கொண்டே போகும், கடைசியில் மிஞ்சும் பிரதிகள்தான் கூடுதல் விலைக்குப் போகும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த வாக்கு எதுவரைக்கும் செல்லும் என்பதைத்தான். அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் தன் வண்ணப்படங்களை டை டிரான்ஸ்ஃபர் என்ற, சாயங்களைத் தாளில் ஏற்றும் பழைய அச்சு முறையில், சிறிய அளவில், லிமிடெட் எடிஷனாக விற்றிருந்தார். 2012 மார்ச்சில் பழைய படங்கள் சிலவற்றையும் சேர்த்து 44க்கு 60 அங்குலத்தில் டிஜிட்டல் பிரிண்ட்டாகப் போட்டு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் ஏலம் விட்டார்கள், 36 படங்கள் ஏறக்குறைய 59 லட்சம் டாலருக்குப் போயின. முன்பே அவருடைய பிரிண்ட்டுகளை வாங்கிச் சேர்த்து வைத்திருந்த ஒருவர், என் பொருளின் மதிப்பைக் குறைத்துவிட்டார் என்று வழக்குப் போட்டார். அளவும் அச்சு முறையும் வேறு, ஆகவே இது புதிய எடிஷன் என்று சொல்லி 2013-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் நம்பி வாங்கியவர் பக்கம்தான் என் மனம் நிற்கிறது, ஏனென்றால் 20 பேரோ 25 பேரோ மட்டும் வைத்திருக்கும் படம் என்று சொல்லித்தானே அதை விற்கிறார்கள்? பிரான்சில் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறார்கள். கையெழுத்தும் எண்ணும் போட்டு, எல்லா அளவும் சேர்த்து 30 பிரதிக்குள் இருந்தால்தான் வரிச் சட்டம் அந்தப் புகைப்படத்தைக் கலைப்படைப்பு என்று ஒப்புக்கொள்ளும்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். இந்த 25 எல்லா அளவுக்கும் சேர்த்தா, அல்லது இந்த அளவுக்கு மட்டுமா? ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப் என்று, இந்த 25-ல் சேராமல் கலைஞருக்கென்று எத்தனை பிரதி தனியாக வைத்திருக்கிறார்கள்? எந்தத் தாள், எந்த முறை, யார் போட்டது, எந்த ஆண்டு? பதிலைச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குகிற ஆளிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: எட்வர்ட் வெஸ்டன் 1936-ல் எடுத்த புகழ்பெற்ற நிர்வாணப் படம் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். பின்பக்கத்தில் மகன் பெயர் இருக்கிறதாம். அப்படியென்றால் அது போலிதானே?
- வாசகர், சென்னை

போலி இல்லை. வெஸ்டனுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து கடைசி ஆண்டுகளில் டார்க்ரூம் வேலை செய்ய முடியாமல் போனது. அவர் மேற்பார்வையில் மகன்கள் பிரிண்ட் போட்டார்கள். 1958-ல் அவர் இறந்த பிறகும் மகன் கோல் வெஸ்டன் அப்பாவின் நெகட்டிவ்களிலிருந்து பிரிண்ட் போட்டு, நெகட்டிவ் எட்வர்டுடையது, பிரிண்ட் என்னுடையது என்று பின்னால் குறித்தே விற்றார். இதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் வெஸ்டன் தன் கையால் அந்தக் காலத்திலேயே போட்ட பிரிண்ட்டுக்கும் இதற்கும் விலை மலைக்கும் மடுவுக்கும்.

அந்தப் படத்தை நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா வீட்டில், வெயில் விழும் வாசலில் வெஸ்டனின் துணைவி கேரிஸ் வில்சன் முழங்காலை மடக்கி, கைகளால் வளைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். முகமே தெரியாது. தெரிவதெல்லாம் தலை வகிடு, தோள், கை, கால், பின்னால் கறுப்பு. 8க்கு 10 அங்குல நெகட்டிவ்வைத் தாள்மேல் அப்படியே வைத்து எடுத்த கான்டாக்ட் பிரிண்ட் என்பதால், பெரிதாக்கும்போது போய்விடுகிற நுணுக்கம் எதுவும் இதில் போகவில்லை, கூந்தலில் செருகிய ஊசி வரை தெரிகிறது. வலது கை மேல் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை என்றும், தனக்கு அந்தக் கோணல் வகிடும் கொண்டை ஊசிகளும் பிடிக்கவில்லை என்றும் கேரிஸ் பின்னாளில் எழுதினார். எனக்கோ அந்த ஊசிகள்தான் பிடிக்கும். சிலையாகிப் போகவிருந்த உருவத்தை அவை ஒரு மனுஷியாகவே இருக்க விடுகின்றன.

இன்னொன்று. வெஸ்டன் 1930-களில் தன் பிரிண்ட்டுகளில் 50-க்கு இத்தனையாவது என்று எண் போடுவார், ஆனால் 50-ஐ நெருங்கக்கூட இல்லாதவைதான் ஏராளம். அத்தனை பேர் கேட்டு வரவில்லை. ஆகவே பழைய படங்களில் எண்ணைப் பார்ப்பதைவிடப் பிரிண்ட் போட்ட கை யாருடையது, எப்போது போட்டது என்று பாருங்கள்.

கேள்வி: பெரிய விலை கொடுத்து வாங்கிய பிரிண்ட். எங்கே மாட்டுவது?
- வாசகர், நாகப்பட்டினம்

கடலோர ஊர் என்பதால் ஈரம்தான் உங்களுக்கு முதல் எதிரி. மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் வேண்டாம், நேர் வெயில் படும் இடமும் வேண்டாம். அமிலமில்லாத மவுன்ட் அட்டை வைத்து, கண்ணாடி பிரிண்ட்டைத் தொடாதபடி ஃபிரேம் போடச் சொல்லுங்கள், தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். கடைக்காரர் பசை போட்டு அட்டையில் ஒட்டித் தருகிறேன் என்றாலோ லாமினேட் செய்கிறேன் என்றாலோ ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம் அதைச் சேதமில்லாமல் பிரிக்கவும் முடியாது, நல்ல விலைக்கு விற்கவும் முடியாது.