போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு மணி நேரம்: ஏன்?

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் சுமார் 5,550 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் ஆறு மணி நேரம் சொச்சம்தானே ஆக வேண்டும்? ஆனால் போவதற்கு எட்டு மணி, திரும்ப ஏழு மணி என்று போடுகிறார்கள். பூமி சுற்றுவதால்தான் இந்த வித்தியாசமா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஓடும் ரயிலுக்குள் நீங்கள் முன்னால் நடந்தாலும் பின்னால் நடந்தாலும் அடுத்த இருக்கையை அடைய ஒரே நேரம்தானே ஆகும், அது மாதிரி.

நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஜெட் காற்று. தரையிலிருந்து பத்து கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு போல ஓடுகிற காற்று இது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். நியூயார்க்கிலிருந்து லண்டன் வரும்போது முன் இருக்கைத் திரையைக் கவனியுங்கள், தரை வேகம், அதாவது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம், மணிக்கு 1,000, 1,050 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே போகும். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் ஒரு விமானம் இந்தத் தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்துவிட்டது! எதிர்த்திசையில் அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் காற்று பலமாக இருக்கும் பாதையை விட்டு விலகி, கொஞ்சம் சுற்றியே போவார்கள். அப்புறம், டிக்கெட்டில் போடும் நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், இறங்க முறை வரும் வரை வட்டமடிப்பதும் சேர்த்தி.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். லண்டனில் காலை 11 மணிக்கு ஏறினால் நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே மதியம் 2 மணி. மூன்றே மணி நேரம் என்று தோன்றும், ஆனால் இடையில் ஐந்து மணி நேர வித்தியாசம் இருக்கிறது. டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். தொடர் விமானம் பிடிக்கிறவர்கள் இதில் தப்புக் கணக்குப் போட்டுத் தவிப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது, 'மொத்தப் பயண நேரம்' என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள்.

கேள்வி: வரைபடத்தில் விமானப் பாதை ஏன் வில் மாதிரி வளைந்திருக்கிறது?

பதில்: வளைந்து தெரிகிற அந்தக் கோடுதான் குறுக்குவழி. ஓர் உலக உருண்டையை எடுத்து, நியூயார்க்கிலும் மாட்ரிட்டிலும் விரலை வைத்து நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, ஆனாலும் நூல் வடக்கே ஏறித்தான் இறங்கும். தட்டையான தாளில் நாம் நேராகப் போடும் கோடுதான் உண்மையில் சுற்றுவழி.

கேள்வி: தூரம் கூடினாலும் சீக்கிரம் போய்ச் சேர முடியுமா?

பதில்: முடியும். சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானத்தைப் பாருங்கள். குறைந்தபட்ச தூரமே 15,300 கிலோமீட்டருக்கு மேல், பதினெட்டு மணி நேரத்துக்கும் அதிகமான பயணம். அதிலும் பல நாள் பசிபிக் பெருங்கடல் பக்கமாகச் சுற்றித்தான் போகிறார்கள், பின்காற்று கிடைக்கும் என்பதால்.