கார்பன் டை ஆக்சைடு கம்பெனியில் வேலை: மகளை அனுப்பலாமா?

புகைக்குழாயில் போகும் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மெத்தனால் என்ற திரவ எரிபொருளாக ஆக்குகிறோம் என்று சொல்லும் ஒரு புதுக் கம்பெனியில் உங்கள் மகளுக்கு வேலை வந்திருக்கிறது. இது ஏமாற்று வேலையோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேதியியலில் ஏமாற்று இல்லை. யூரியா ஆலைகள் நூறாண்டுகளாகக் கார்பன் டை ஆக்சைடை மூலப்பொருளாகப் பயன்படுத்துகின்றன. ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்நிலையத்தின் வாயுவிலிருந்து மெத்தனால் எடுக்கும் ஆலை பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. முடியுமா என்பதல்ல, எந்த மின்சாரத்தில், என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

உங்கள் மகள் வேதிப் பொறியியல் படித்தவர். அவரை ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கார்பன் டை ஆக்சைடு என்பது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதை மறுபடி எரிபொருளாக்க வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 1.4 டன் கார்பன் டை ஆக்சைடும் 190 கிலோ ஹைட்ரஜனும் தேவை. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பிடிக்கும். ஆக, ஒரு டன்னுக்குச் சுமார் 10,000 யூனிட். நிலக்கரியை அதிகம் நம்பியிருக்கும் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று வைத்துக்கொண்டால், 1.4 டன்னை உள்ளே இழுக்க 7 டன்னை வெளியே விடுகிறோம். அப்புறம் அந்த மெத்தனாலை எரித்தால், உள்ளே போன 1.4 டன்னும் திரும்பக் காற்றுக்கே போய்விடும். காற்றாலை, சூரிய மின்சாரம் என்றால் கணக்கு தலைகீழாக மாறும். எனவே நேர்காணலில் முதல் கேள்வி: "உங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" இதற்கு மழுப்பலான பதில் வந்தால் எனக்கு அந்தக் கம்பெனி மீது பாதி நம்பிக்கை போய்விடும்.

இந்தக் கணக்கை விரிவாகச் செய்வதே ஒரு தொழில். பணக் கணக்குக்குத் தொழில்நுட்பப் பொருளாதார ஆய்வு என்றும், சுற்றுச்சூழல் கணக்குக்கு வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு என்றும் பெயர். துறைக்குள் டி.இ.ஏ., எல்.சி.ஏ. என்பார்கள். வளர்ந்த ஆலைக்கு இதைச் செய்ய அளவீடுகள் கைவசம் இருக்கும். ஆரம்பநிலைத் தொழில்நுட்பத்துக்கு ஆய்வகத்தில் கிடைத்த சில கிராம் பொருளும், வேதிவினையை வேகப்படுத்தும், நூறு மணி நேரம் ஓடிய ஒரு வினையூக்கியும்தான் இருக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆலையில் வினையூக்கி அப்படி ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆய்வகத்தில் பெரும்பாலும் சிலிண்டரில் வரும் சுத்தமான வாயு. நிலக்கரிப் புகையிலோ கார்பன் டை ஆக்சைடு ஏழில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், கூடவே ஆக்சிஜனும் கந்தகச் சேர்மங்களும் வரும். சுத்திகரிக்கும் செலவை விட்டுவிட்டுப் போட்ட விலைக் கணக்குகள் ஏராளம். பத்தாண்டு கழித்து ஆகும் செலவை ஒரே எண்ணாகச் சொல்பவரைவிட, இந்த எல்லையிலிருந்து இந்த எல்லைக்குள் என்று சொல்பவரையே நான் நம்புவேன்.

தொழில்நுட்பத் தயார்நிலையை 1 முதல் 9 வரை அளக்கும் டி.ஆர்.எல். என்ற அளவுகோல் உண்டு, நாசாவில் தோன்றியது. கம்பெனி எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்கலாம். 3 அல்லது 4 என்றால் இன்னும் ஆய்வகம்தான். அதில் தவறில்லை, சம்பளம் எவ்வளவு நாள் வரும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

எல்லாப் பொருளும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றும் முறைக்கு ஹைட்ரஜன் வேண்டாம். வினை தானே வெப்பத்தை வெளியிடும், கார்பன் கல்லாகவே தங்கிவிடும். எரிபொருள் போலக் கவர்ச்சியான துறை இல்லை, ஆனால் என் கணிப்பில் கணக்கு எளிதாகத் தேறும் இடம் இதுதான். யூரியாவில் போன கார்பனோ வயலில் போட்ட கொஞ்ச நாளில் காற்றுக்குத் திரும்பிவிடும். "எவ்வளவு பிடிக்கிறீர்கள்" என்பதோடு "எவ்வளவு காலம் தங்கும்" என்றும் கேட்பது அதனால்தான்.

சரி, சேரலாமா? சேரலாம் என்பதே என் கருத்து, ஒரு நிபந்தனையோடு. வினையூக்கி ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையாக இல்லாமல், பொருள் சமநிலை, ஆற்றல் சமநிலை (ஆலைக்குள் போகும் பொருளும் ஆற்றலும் வெளியே வருவதோடு ஒத்துப்போகிறதா என்ற கணக்கு), செலவு மதிப்பீடு ஆகியவற்றில் கைவைக்க விடுவார்களா என்று கேட்கச் சொல்லுங்கள். கம்பெனி மூடினாலும் இந்தத் திறமைக்குச் சிமெண்ட், உரம், உருக்கு, சுத்திகரிப்பு ஆலைகளிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் வேலை உண்டு. ஆலையின் செயல்முறையைக் கணினியில் கணக்கிடும் ஆஸ்பென் போன்ற மென்பொருள் ஒன்றும், எல்.சி.ஏ.வுக்கான ஐ.எஸ்.ஓ. 14040, 14044 சர்வதேசத் தரநிலைகளும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. ஓப்பன் எல்.சி.ஏ. இலவச மென்பொருள், வீட்டிலேயே பழகலாம்.

கையில் இருக்கும் முதலீடு எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல நிறுவனர்கள் இதற்குக் கோபப்படமாட்டார்கள். பதினெட்டு மாதத்துக்குக் குறைவு என்றால், அடுத்த முதலீடு எந்தச் சோதனை வெற்றியடைந்தால் வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். அந்தச் சோதனையில் தன் பங்கு என்ன என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போடலாம்.